பன்னிரண்டாவது சனிக்கிழமை

கூடையில் இருந்த சின்ன வெங்காயத்தில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க ஜோஸ்பினுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள், கழுத்தை அமுக்கினாள், முகர்ந்து பார்த்தாள். முளை விட்டிருந்த ஒன்றை என் பக்கம் தள்ளி, "இது சாம்பாருக்கு" என்றாள்.

"வெங்காயம் எடுக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைய இம்புட்டுப் பாத்து எடுத்திருந்தா இந்நேரம் ரப்பர் நாத்தம் இல்லாத வீட்டுல இருந்திருப்பேன்."

ஐந்தையும் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டாள். கோடை விடுமுறைக்குப் பிறகு அன்றுதான் அவளுடைய கருவியை மறுபடி ஓட்டப் போகிறாள். "ஏழு மணிக்கு வந்துருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஜூன் 24, செவ்வாய்க்கிழமை.

பதினொன்றரை மணிக்குக் கல்லூரி வராந்தாவில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். வியாழக்கிழமை விடியும்போது முடிந்துவிட்டது. பை திரும்பி வந்தது, அதில் வெங்காயமும் இருந்தது. அந்த ஐந்தையும் பிறகு என்ன செய்தேன் என்பது நினைவில் இல்லை.

நான் டயர் ரீட்ரேடிங் செய்கிறவன். பேகம்பூர் பக்கம் கடை. தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டுவது என் தொழில். ஜோஸ்பின் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. அவள் செய்த வேலையை நான் புரிந்துகொண்ட விதத்தில் இங்கே எழுதுகிறேன். தவறு இருந்தால் அது என்னுடையது.

உயிரோடு இருக்கும் ஒரு செல்லை, சாயம் ஊற்றாமல், கொல்லாமல், உள்ளே பார்க்க வேண்டும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஓர் அளவுக்குக் கீழே எல்லாம் கலங்கிவிடும், ஒளியின் அலை அதைவிடப் பெரியது என்பதால். அதனால் இவர்கள் ஒலியை உள்ளே அனுப்புகிறார்கள். மெல்லிய உலோகப் படலத்தின் மேல் வெங்காயத்தின் உள்தோலை விரித்து வைப்பார்கள். கீழேயிருந்து லேசர் ஒளி, நினைத்துப் பார்க்க முடியாத சிறிய நேரத்துக்கு, படலத்தைத் தொடும். படலம் சூட்டில் விம்மி அடங்கும். அந்த விம்மலில் ஓர் ஒலி பிறந்து செல்லுக்குள் ஏறும். நொடிக்குப் பல நூறு கோடி அதிர்வு. எந்தக் காதுக்கும் எட்டாது. இன்னொரு லேசர் அந்த ஒலி போகிற வழியெல்லாம் கூடவே போய் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். இறுகிய இடத்தில் ஒலி விரைந்து போகும், இளகிய இடத்தில் தயங்கும். அந்த வேகத்தைப் புள்ளி புள்ளியாக எழுதினால் செல்லின் உட்புறம் படமாக வரும்.

"நீங்க சுத்தியலால டயரத் தட்டி, எங்க ஒட்டு விட்டிருக்குன்னு கேக்குறீங்கள்ல? நாங்க வெளிச்சத்தால தட்டிக் கேக்குறோம்" என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கருவி வைக்கிற மேசை ஆடக் கூடாது. வெளிநாட்டு மேசைக்கு லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். நான் ஒரு கிரானைட் பலகையை மரச் சட்டத்தின் மேல் நான்கு ஸ்கூட்டர் ட்யூபில் மிதக்க விட்டேன். காற்றை எத்தனை பவுண்டு பிடிப்பது என்று இருவரும் மூன்று நாள் சண்டை போட்டோம். பெங்களூர் ஆய்வுக்கூடத்திலிருந்து லேசரை இரவல் கொடுத்த விக்னேஷ்குமார் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், பஞ்சர் ஆனா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். "ஒட்டுறதுக்கு வீட்டுலயே ஆள் இருக்கு" என்றாள்.

சனிக்கிழமைகளில் கல்லூரி காலியாக இருக்கும். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து பன்னிரண்டு சனிக்கிழமை, வாரம் ஒரு படம் எடுத்தாள். ஒரு படம் முடிய ஒன்பது மணி நேரம். ஒரு வரிக்கு இருபது நொடி, வரி வரியாக. அத்தனை நேரமும் கருவியின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவாள். எழுந்திருக்க வேண்டுமென்றால் முதலில் கருவியை நிறுத்த வேண்டும். வந்து உட்கார்ந்த பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். இந்தச் சட்டத்தை அவளே போட்டாள். ஒருமுறை நான் டிபன் டப்பாவோடு உள்ளே நுழைந்ததற்கு, ஏதோ கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அவ்வளவு கவனமாக இருந்தும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு இருண்ட பட்டைகள் விழுந்தன. எப்போதும் இரண்டுதான். தண்ணீர் மோட்டார் என்று நினைத்தாள். ஒரு சனிக்கிழமை முழுக்க மோட்டாரை ஓடவிடாமல் நான் அதன் பக்கத்திலேயே காவல் இருந்தேன். அன்றைக்கும் பட்டை விழுந்தது. ஜெனரேட்டர் என்றாள், சாலையில் போகிற மணல் லாரி என்றாள். பன்னிரண்டாவது படத்தில் பட்டை இல்லை. அன்று நான் அழைக்கப் போனபோது வாசலிலேயே நின்றிருந்தாள். "போயிருச்சுங்க, முழுசா வந்துருச்சு" என்று மட்டும் சொன்னாள். வண்டியில் வரும்போது பின்னாலிருந்து என் தோளைப் பிடித்திருந்த பிடி அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. அதன் பிறகு பரீட்சை, வெயில், விடுமுறை. பட்டை ஏன் போனது என்று தேட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் விக்னேஷ்குமார் கடைக்கு வந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். டயர் அடுக்கின் மேல் லேப்டாப்பை வைத்து, நிற்கவும் உட்காரவும் தெரியாமல் தவித்தார்.

"அண்ணா, ஒரு சங்கடங்க. நானும் மேடமும் எழுதின கட்டுரைய அனுப்பியிருந்தோமுங்க. அதைப் படிச்சுப் பாக்குறவர் ஒரு கேள்வி கேட்டிருக்காருங்க."

பன்னிரண்டு படங்களையும் வரிசையாகக் காட்டினார். பதினோரு படத்திலும் பட்டை ஏதாவது ஒரு முக்கியமான இடத்தை வெட்டியிருந்தது. பன்னிரண்டாவதில் செல் முழுதாக இருந்தது. நடுவில் உட்கரு, அதற்குள் இறுகிய புள்ளிகள், அங்கிருந்து சுவர் வரை அறுபடாமல் ஓடுகிற மெல்லிய இழைகள். நான் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.

"இந்த ஒரு படத்தை வெச்சுத்தானுங்க கட்டுரையே நிக்குது. பதினொண்ணுல இருக்கிற பட்டை இதுல மட்டும் ஏன் இல்லைன்னு கேக்குறாருங்க. படத்தைத் துடைச்சீங்களான்னு நேரடியா கேக்கலீங்க. ஆனா அதுதானுங்க அர்த்தம். மூலக் கோப்பு மேடம் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்குது. அதைக் காட்டினாலும், அங்கயே மாத்தியிருக்கலாம்னு சொல்லுவாங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் அப்படி நினைக்கலீங்ணா. ஆனா காரணம் சொல்ல முடியாட்டி அந்தப் படத்தை எடுத்துறணுமுங்க. செப்டம்பர் பதினஞ்சுக்குள்ள பதில் அனுப்பணும்."

படத்தை எடுத்துவிட்டால், ஜோஸ்பின் துடைத்தாள் என்பதை நாங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்தப் பன்னிரண்டு வாரத்தில் அவள் மிகவும் களைத்திருந்தாள். ஒரு முழுப் படம் வேண்டும் என்று தூக்கத்தில்கூடச் சொன்னாள். களைத்த மனுஷி இரண்டு கோட்டை அழித்திருக்க மாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"பட்டை எந்நேரத்துக்கு விழுகுதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேனுங்க. ஸ்கேன் ஆரம்பிச்ச நேரத்தையும் நடுவுல நிறுத்தின நேரத்தையும் வெச்சுக் கணக்குப் போட்டேன். எல்லாமே மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு. நிமிஷம் பிசகாம."

நான் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

"தம்பி, அது எங்க மாதா கோயில் மணி. திரிகால செபத்துக்கு அடிக்கிறது. காலையில ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு. காலேஜுக்கும் கோயிலுக்கும் ஒரு சுவர்தான்."

பிறந்ததிலிருந்து கேட்கிற மணி. மோட்டாருக்குக் காவல் இருந்த அன்றும் அது என் தலைக்கு மேல் அடித்திருக்கும். எங்கள் இருவர் காதிலும் அது விழவே இல்லை.

"சரிங்ணா. அப்ப பன்னெண்டாவது சனிக்கிழமை மட்டும் மணி அடிக்கலீங்களா?"

தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் 19. அடுத்த நாள் உயிர்ப்பு ஞாயிறு, ஈஸ்டர். பெரிய வியாழன் பூசையில் அடித்த மணி, சனிக்கிழமை ராத்திரிப் பூசை வரை அடிக்காது. ஆண்டவர் கல்லறையில் இருக்கிற நாள், கோயிலில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். இதைச் சொன்னதும் விக்னேஷ்குமார் பக்கத்து டயர் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

உறுதி செய்துகொள்ள இருவரும் மணி அடிக்கிற சூசைமுத்துவிடம் போனோம். கோயில் பிள்ளை வேலையில் இருபத்தெட்டு வருஷம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"பெரிய சனிக்கு மணி அடிச்சீங்களாண்ணே?"

"ஏலே அமலா, உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? பெரிய சனிக்கு மணி அடிச்சா சாமியார் என்னையக் கயித்துலயே கட்டித் தொங்க விட்டுருவாரு."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"எதுக்கு?"

"விஞ்ஞானத்துக்கு" என்றார் விக்னேஷ்குமார்.

சூசைமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஜோஸ்பின் டீச்சருக்குன்னா போடுறேன். விஞ்ஞானம் யாருன்னு எனக்குத் தெரியாது."

சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும் என்றார் விக்னேஷ்குமார். அடுத்த சனிக்கிழமை கல்லூரியில் அனுமதி வாங்கினோம். ஜூனுக்குப் பிறகு நான் அந்த அறைக்குள் போவது அதுதான் முதல் தடவை. பழைய கட்டடம், கடப்பாக் கல் பாவிய தரை. ட்யூபில் காற்றைப் பார்த்தேன், அரை பவுண்டுகூட இறங்கவில்லை. நாற்காலி முதுகில் அவளுடைய துவாலை தொங்கியது. விக்னேஷ்குமார் அதை எடுக்காமல், அதன் மேல் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டிலிருந்து கொண்டுபோன வெங்காயத்தை உரித்து, பூச்சி இறகு மாதிரி உள்தோலைப் பிரித்தார். பத்து மணிக்குக் கருவி ஓடத் தொடங்கியது. திரையில் மேலிருந்து கீழே செல்லின் சுவர் மெதுவாக இறங்கி வந்தது. பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஓர் இழை தெரிந்தது. "இது அசையுதுங்ணா, உசுரோட இருக்குதுங்க. அடுத்த வரி எழுதறதுக்குள்ள கொஞ்சம் நகந்திருக்கும்" என்றார். இத்தனை நாள் சாம்பாரில் போட்டுக்கொண்டிருந்ததற்குள் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் கதவோரம் போய் நின்றுகொண்டேன். மணி அடித்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. நான் நின்றபடியே செபத்தை முடித்தேன். இருவரும் திரையைப் பார்த்தோம்.

பட்டை இல்லை. ஒரு வரிகூட இருளவில்லை.

"மணிச் சத்தத்த உங்க ட்யூப் தடுத்துருச்சுங்க. அதிர்வு மேல ஏறவே இல்லை" என்றார் விக்னேஷ்குமார். வேறு எந்த நாளிலாவது அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பேன். மணி அடித்தும் பட்டை விழவில்லை என்றால் மணி காரணம் இல்லை. மணி காரணம் இல்லை என்றால், அது அடிக்காத சனிக்கிழமைக்கும் அர்த்தம் இல்லை.

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கொண்டுபோயிருந்த சோற்றையும் கத்தரிக்காய் வெஞ்சனத்தையும் அவர் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணா, படத்தை எடுத்துட்டுப் பதினொண்ணை வெச்சுச் சின்னதா ஒரு கட்டுரை போட்டுரலாமுங்க. மேடம் பேர்தான் முதல்ல வரும். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

"யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்குள்ள ஒரு ஆள் சொல்லிக்கிட்டே இருப்பானே, தம்பி."

ஐந்தே முக்காலுக்கு அவர் மனைவி போனில் அழைத்தாள். கருவியை நிறுத்திவிட்டு என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒளியைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினார். "செத்த நேரங்ணா, பேசிட்டு வந்தர்றேன். எந்திரிச்சராதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே போனார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிக்கு இருபது நொடி. பேப்பர் திருத்தாமல் எப்படி இருக்க முடியும் என்று அப்போது புரிந்தது.

"அண்ணா!" என்று விக்னேஷ்குமார் வாசலிலிருந்து கத்தினார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். சிலுவை போட்டபடி கை நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மணி அடித்து ஓய்ந்திருந்தது. எப்போது எழுந்தேன் என்று இன்று கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது. திரையில் நான்காவது வரி இருண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். அடுத்த வரி வெளுத்தது.

"எந்திரிங்க."

இருண்டது. ஆறேழு தடவை என்னை எழுப்பி உட்கார வைத்தார். பிறகு தரையில் மண்டியிட்டு நாற்காலியின் காலடியில் கையை வைத்துப் பார்த்தார். நாற்காலி நின்ற அதே கடப்பாக் கல்லின் மறு ஓரத்தில் மேசையின் ஒரு கால் நின்றது. கல்லுக்கு அடியில் சாந்து போயிருந்தது. உட்கார்ந்தால் இந்தப் பக்கம் இறங்கும், எழுந்தால் அந்தப் பக்கம் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் லேசர் ஒரு செல்லைத் தவறவிட அது போதும். ட்யூப் அதிர்வைத் தடுக்கும். இப்படி மெதுவாகச் சாய்வதைத் தடுக்காது.

யாரும் எழக் கூடாது என்று சட்டம் போட்டவள், பதினோரு சனிக்கிழமையும் மணி அடித்தபோதெல்லாம் எழுந்திருக்கிறாள். அவளுக்கே தெரியாமல், சின்ன வயதிலிருந்து அந்தச் செபத்துக்கு எழுந்து நிற்கிற பழக்கத்தில். மோட்டாரைத் தேடினாள், லாரியைத் தேடினாள். பன்னிரண்டாவது சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. அதனால் அவள் எழவில்லை.

விக்னேஷ்குமார் தரையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"இதை எப்படீங்ணா எழுதறது? ஆபரேட்டர் செபம் பண்ணினாங்கன்னா?"

"அவ எந்திரிச்சான்னு மட்டும் எழுதுங்க. எதுக்குன்னு கேக்க மாட்டாங்க."

"கேப்பாங்க. அவங்களுக்கு அதுதானுங்க வேலை."

அதனால் இரண்டையும் எழுதினார். கல்லின் சாய்வை அளந்து, எழுந்து உட்கார்ந்த படங்களைச் சேர்த்து, பங்கு அலுவலக முத்திரையோடு சூசைமுத்து கையெழுத்திட்ட கடிதத்தையும் மொழிபெயர்த்து இணைத்தார். அக்டோபரில் பதில் வந்தது. கட்டுரை டிசம்பரில் வெளிவந்தது. பன்னிரண்டாவது படம் அதில் முழுதாக இருக்கிறது.

அவர் எனக்கு இன்னொரு தாளும் அனுப்பினார். நான் கேட்டு வாங்கியது. பதினோரு சனிக்கிழமை, இருபத்திரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று. அநேகமாக எல்லாமே எண்பது நொடிக்குப் பக்கம். திரிகால செபத்துக்கு அவ்வளவுதான் ஆகும். சில நாளில் எழுபது. அவசரமாக முடித்திருக்கிறாள். மார்ச் 15, சாயங்காலம் மட்டும் நூற்றுத்தொண்ணூறு நொடி.

அன்றைக்கு என்ன நடந்தது என்று என் டைரியைப் புரட்டினேன். நத்தத்துக்கு நான்கு டயர் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி தோசை. வேறு எதுவும் எழுதவில்லை. அன்று அவள் யாருக்காக, எதைக் கேட்டு, கூடுதலாக அவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. எந்தக் கருவியும் அதைச் சொல்லாது. ஆனாலும் அந்தப் படத்தை விக்னேஷ்குமாரிடம் கேட்டு வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டைக்கு மேலே ஓர் இழை இருக்கிறது. பட்டைக்குக் கீழே அதே இழை கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அவள் நின்ற நேரத்தில் அது அவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது.

இப்போது அந்த அறையில் நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டிருக்கிறார்கள். கல்லை எடுத்துச் சாந்து பூசக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறதாகக் கல்லூரியில் சொன்னார்கள். இன்னும் அவர் வரவில்லை. மாதம் ஒருமுறை ட்யூபில் காற்றுப் பார்க்கப் போகிறேன். பார்த்து முடித்ததும் கல்லின் ஓரத்தில் காலை வைத்து அழுத்துவேன். ஆடுகிறது.